படம் நன்றாகத்தான் இருக்கிறது, மறுபடி வருமா?

ஒரு பெரிய மருந்து நிறுவனம் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் புதிய மருந்து ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. அதைச் சாப்பிட்டால் சளி பிடிப்பது 87 சதவீதத்திலிருந்து 47 சதவீதமாகக் குறைகிறதாம். இந்தச் செய்தியைச் சிலருக்கு எழுத்தில் மட்டும் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதே எழுத்தோடு இரண்டே பட்டைகள் கொண்ட ஒரு சின்ன வரைபடத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு பட்டை 87, இன்னொன்று 47. எழுத்தில் இல்லாத எந்தத் தகவலும் அந்தப் படத்தில் கிடையாது. எழுத்தை மட்டும் படித்தவர்களில் 68 சதவீதம் பேர் மருந்து வேலை செய்யும் என்று நம்பினார்கள். படத்தையும் பார்த்தவர்களில் நம்பியவர்கள் 97 சதவீதம்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏனர் டாலும் பிரையன் வான்சிங்கும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இது. மருந்து கற்பனைதான், சோதனைக்காகச் சொன்னது. வரைபடம் என்றாலே மக்கள் மனத்தில் அறிவியல் என்ற எண்ணம் வந்துவிடுகிறது, ஒன்றுமில்லாத படம்கூட ஆளை மயக்கிவிடும் என்பது அவர்கள் எட்டிய முடிவு. மேடையில் சொல்வதற்கு இதைவிட வசதியான ஒரு முடிவு கிடைப்பது அரிது. கேட்டவுடனே தலையாட்டத் தோன்றுகிறது.

பிரான்சில் பணியாற்றும் பியேர் டிராகிசேவிச், இவோன் யான்சன் என்ற இருவர் தலையாட்டவில்லை. படம் வாசகரை மயக்கியிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம், எழுத்தில் சட்டென்று பிடிபடாத ஒன்றைப் புரியவைத்திருக்கலாமே என்பது அவர்களுக்கு வந்த சந்தேகம். இணையத்தில் துண்டு வேலைக்கு ஆள் கிடைக்கும் இரண்டு தளங்களில் நான்கு முறை சோதனையைத் திரும்ப நடத்தினார்கள். மொத்தம் 623 பேர். 2017இல் முடிவை வெளியிட்டார்கள். படம் கொஞ்சம் புரியவைத்தது, அதுவும் மிகக் கொஞ்சம். நம்பவைப்பதிலோ அது எழுத்தை மிஞ்சவே இல்லை. சில சோதனைகளில் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. வான்சிங்கின் வேறு பல கட்டுரைகள் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டதும், 2018இல் கார்னெல் நடத்திய விசாரணையில் ஆய்வு நெறி மீறல் உறுதியானதும் தனிக் கதை. மறுசோதனை செய்தவர்கள் திருடனைப் பிடிக்கக் கிளம்பியவர்கள் அல்லர். ஒரு முடிவுக்கு வேறு விளக்கம் இருக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். போன இடத்தில் முடிவையே காணோம்.

தரவைப் படமாக்கும் துறைக்கு, அதாவது காட்சிப்படுத்தலுக்கு, இந்தக் கதையில் ஒரு தனிக் குறும்பு உண்டு. ‘படத்தைப் பார்த்தால் மக்கள் உடனே நம்பிவிடுவார்கள்’ என்ற முடிவைப் படம் வரைவதையே தொழிலாகக் கொண்டவர்கள் நம்புவதற்கு அதிக நேரம் எடுக்காது. அவர்கள் கேட்க விரும்பியதும் அதுதானே.

இயற்பியலிலோ மருத்துவத்திலோ படம் என்பது முடிவை எடுத்துச் சொல்லும் ஒரு வழி. படத்துக்குப் பின்னால் அளவீடு இருக்கும், அட்டவணை இருக்கும். காட்சிப்படுத்தல் ஆய்வில் பல நேரம் படமேதான் முடிவு. ‘இதோ பாருங்கள், எங்கள் முறையில் வரைந்தால் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது’ என்று பக்கத்தில் பக்கம் இரண்டு படங்களை வைத்துவிட்டால் கட்டுரையின் வாதம் முடிந்துவிடும். அந்தப் படம் சரியாக வந்ததா, வேறொருவர் வரைந்தாலும் அதுவே வருமா, வேறு நூறு பேர் பார்த்தாலும் அதே தெளிவு கிடைக்குமா? இவை மூன்றும் வேறு வேறு கேள்விகள். மூன்றையும் ‘சரிபார்ப்பு’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதுதான் நடைமுறை. அதே தரவு, அதே நிரல் கொண்டு அதே படத்தைத் திரும்பக் கொண்டுவருவது மீளாக்கம். புதிய ஆட்களை வைத்துச் சோதனையை மறுபடி நடத்துவது மறுசோதனை. நிரல் தான் செய்வதாகச் சொல்லும் கணக்கைத்தான் செய்கிறதா என்று பார்ப்பது சரிபார்ப்பு. தமிழில் மட்டும் இந்தக் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். கணினி அறிவியலாளர்களின் பெரிய சங்கமான ஏ.சி.எம்., முதலிரண்டுக்கும் தான் சூட்டியிருந்த ஆங்கிலப் பெயர்களை 2020இல் ஒன்றுக்கொன்று இடம் மாற்றி வைத்தது. மற்ற துறைகள் எல்லாம் நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

மூன்றில் வெளியார் கண்ணுக்கு அதிகம் படாதது கடைசியாகச் சொன்ன சரிபார்ப்பு. எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான்.

சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது கருவி தருவது படம் இல்லை, எண்கள். உடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தியைக் குறிக்கும் ஓர் எண். எலும்பு இந்த எண்ணுக்கு மேல், தசை அதற்குக் கீழ் என்று ஒரு கோடு கிழித்து, அந்த எல்லையைப் பரப்பாக வரைந்தால் திரையில் மண்டையோடு சுழலும். இந்த எல்லைப் பரப்பை வரைய 1987இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வில்லியம் லோரன்சன், ஹார்வி க்ளைன் இருவரும் வெளியிட்ட முறைக்கு ‘மார்ச்சிங் க்யூப்ஸ்’ என்று பெயர். கணினி வரைகலையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. யோசனை எளிமையானது. எட்டு முனை கொண்ட ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையும் எல்லைக்கு உள்ளே இருக்கும், இல்லாவிட்டால் வெளியே இருக்கும். மொத்தம் 256 வகை. ஒன்றைத் திருப்பினாலோ, உள்ளே வெளியே என்பதை மாற்றிப் போட்டாலோ இன்னொன்று வரும் என்பவற்றைக் கழித்தால் 15. இந்தப் பதினைந்துக்கும் எப்படி முக்கோணம் போடுவது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு கனசதுரம் கனசதுரமாக நடந்து போக வேண்டியதுதான்.

அந்தப் பட்டியலில் ஓட்டை இருந்தது. உருவகமாகச் சொல்லவில்லை, நிஜமான ஓட்டை. ஒரு கனசதுரத்தின் முகத்தில் எதிரெதிர் மூலைகள் இரண்டும் உள்ளே, மற்ற இரண்டும் வெளியே என்று அமைந்தால், கோட்டை இரண்டு விதமாகப் போடலாம். இந்தப் பக்கத்துக் கனசதுரம் ஒரு விதமாகவும் அந்தப் பக்கத்துக் கனசதுரம் இன்னொரு விதமாகவும் போட்டுவிட்டால் நடுவில் பரப்பு கிழிந்துவிடும். அடுத்த ஆண்டே மார்ட்டின் டூர்ஸ்ட் இதைச் சுட்டிக்காட்டினார். திரையில் எலும்பில் ஒரு துளை தெரிகிறது. அது நோயாளியின் எலும்பில் உள்ள துளையா, நிரலில் உள்ள துளையா? படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதைத் திருத்தப் பலர் பல முறைகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பெயர் பெற்றது 1995இல் எவ்கெனி செர்ன்யாயெவ் கொடுத்த ‘மார்ச்சிங் க்யூப்ஸ் 33’. பதினைந்தை முப்பத்து மூன்றாக விரித்து, குழப்பம் வரும் இடங்களையெல்லாம் அடைத்துவிட்டதாகக் கருதப்பட்டது. 2013இல் லிஸ் கஸ்டோடியோவும் உடன் ஆய்வாளர்களும் அதைக் கூர்ந்து பார்த்தார்கள். மூன்று சிக்கல்கள் தென்பட்டன. அவற்றில் இரண்டு மூலக் கட்டுரையின் விளக்கத்திலேயே இருந்தவை. பதினெட்டு ஆண்டுகள்! ஓட்டையை அடைக்க வந்த முறையில் இருந்த ஓட்டை அத்தனை காலம் சும்மா கிடந்திருக்கிறது.

அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது முக்கியம். அந்த வழியைப் போட்டவர்கள் டியாகோ எட்டியெனே, கார்லோஸ் ஷெய்டெக்கர், க்ளாடியோ சில்வா முதலியோர். 2009இல் ‘சரிபார்க்கத்தக்க காட்சிப்படுத்தல்’ என்ற கருத்தை எல்லைப் பரப்புகளுக்குப் பொருத்திக் காட்டினார்கள். நம்மூரில் கடைத் தராசுக்கு முத்திரை வைக்க வருகிறவர் கத்திரிக்காயை நிறுத்துப் பார்ப்பதில்லை. எடை தெரிந்த கல்லைத்தான் தட்டில் வைக்கிறார். அதே வேலைதான் இது. மண்டையோட்டின் உண்மையான வடிவம் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு கோளத்தின் வடிவம் சூத்திரத்திலேயே இருக்கிறது. அந்தக் கோளத்தை எண்களாக்கி நிரலுக்குக் கொடுத்து, நிரல் வரைந்த பரப்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கலாம். அத்தோடு விடவில்லை. கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் இடப்பிழை கால்பங்காகக் குறைய வேண்டும் என்று கணிதம் சொல்கிறது. குறைந்தால் நிரல் சொன்னதைச் செய்கிறது. குறையாவிட்டால், படம் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், உள்ளே எங்கோ தவறு. பலரும் பயன்படுத்தி வந்த நிரல்களில் இரண்டில் இப்படித் தவறு அகப்பட்டது. கண்ணால் பார்த்தவர்கள் யாரும் அதுவரை அதைக் கவனிக்கவில்லை.

நல்ல படம் வரும்போது அதன் பின்னால் போய்ப் பார்க்கும் ஆர்வம் யாருக்கும் எழுவதில்லை. 1994இலேயே நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இருந்த அல் க்ளோபஸ், எரிக் ரெய்பிள் இருவரும் ‘காட்சிப்படுத்தல் மூலம் எதுவுமே சொல்லாமலிருக்கப் பதினான்கு வழிகள்’ என்று கிண்டலாக ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்று படித்தாலும் பழசாகத் தோன்றவில்லை. துறைக்கு இது பெருமையா என்று தெரியவில்லை.

மறுசோதனைக்கு வருவோம். பட்டை வரைபடம் வட்ட வரைபடத்தைவிட மேல், நீளத்தைவிட இடத்தைக் கண் துல்லியமாகக் கணிக்கும், பரப்பளவு என்று வந்தால் தடுமாறும் என்றெல்லாம் வரைபடப் பாடம் நடத்துகிறவர்கள் சொல்வதற்கு அடிப்படை, பெல் ஆய்வகத்தின் வில்லியம் க்ளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஜெஃப்ரி ஹீரும் மைக் போஸ்டாக்கும் அதே சோதனையை அமேசானின் மெக்கானிக்கல் டர்க் என்ற துண்டு வேலைத் தளத்தில் யார் யாரோ தத்தம் திரைகளில் செய்யும்படி வைத்தார்கள். ஆய்வுக்கூடத்தின் அமைதி கிடையாது, திரை அளவு சீராக இருக்காது, பக்கத்தில் தொலைக்காட்சி ஓடுகிறதா என்பதுகூடத் தெரியாது. அப்படியும் பழைய தரவரிசை அப்படியே நின்றது. தாங்கும் முடிவு என்றால் இப்படித் தாங்க வேண்டும்.

இந்த ஆய்வில் நான் ரசிப்பது இன்னொரு சாமர்த்தியம். ‘பழைய சோதனையைத் திரும்பச் செய்தோம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கட்டுரை மாநாட்டு வாசலைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்தான். அவர்கள் மறுசோதனையை அளவுகோலாக்கினார்கள். இணையத்தில் ஆள் பிடித்துச் சோதனை நடத்துவது நம்பத்தகுந்ததா என்பது அவர்கள் கேள்வி. விடை தெரிந்த ஒரு பழைய சோதனையை அங்கே நடத்திப் பார்ப்பதுதான் வழி. பிறகு செவ்வகப் பரப்பு, கட்டக் கோடுகளின் அழுத்தம், படத்தின் அளவு என்று புதிய சோதனைகளுக்குப் போனார்கள். மறுசோதனை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

எல்லாப் பழைய முடிவும் இப்படித் தாங்கவில்லை. க்ளீவ்லண்டே சொன்ன இன்னொரு விதி, கோட்டு வரைபடத்தில் சரிவுகள் 45 பாகையை ஒட்டி அமையும்படி நீள அகலத்தை வைத்தால் கண்ணுக்குப் பிழை குறைவு என்பது. பல மென்பொருள்கள் அதைக் கடைப்பிடித்தன. 2012இல் ஜஸ்டின் டால்பட், ஜான் கெர்த், பாட் ஹன்ரஹன் மூவரும் பழைய சோதனையின் எல்லையை விரித்துப் பார்த்தபோது, பொதுவாகப் பிழை 45இல் குறையவில்லை. வட்ட வரைபடத்தின் கதையும் இதே மாதிரிதான். அதைக் கோணத்தைக் கொண்டுதான் படிக்கிறோம் என்பது பாடநூல் வழக்கு; 1926இலேயே அதைப் பற்றி ஆய்வு வந்திருக்கிறது. ட்ரூ ஸ்காவும் ராபர்ட் கோசாராவும் 2016இல் வட்டத்தின் ஒவ்வொரு பகுதியாக அழித்துப் பார்த்தார்கள். நடுவை வெட்டி வளையமாக்கியபோது துல்லியம் பெரிதாக மாறவில்லை. கோணத்தை மட்டும் விட்டு மற்றதை எல்லாம் அழித்தபோதுதான் பிழை ஏறியது. தொண்ணூறு ஆண்டுகளாக நாம் கோணம் கோணம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆனால் புதிய ஆட்களை வைத்து மறுசோதனை செய்யப் பணமும் நேரமும் வேண்டும். அதைவிட மலிவான, என் கணிப்பில் அதைவிடப் பயனுள்ள ஒரு வழிக்கு 2014இலும் 2015இலும் வந்த இரண்டு கட்டுரைகள் நல்ல சாட்சி.

முதலாவது லேன் ஹாரிசன் குழுவினருடையது. இரண்டு அளவைகளுக்கு இடையிலான ஒட்டுறவு எவ்வளவு வலுவானது என்பதைக் கண்ணால் கணிக்க எந்த வகைப் படம் நல்லது? 1,687 பேரிடம் ஒன்பது வகைப் படங்களைக் காட்டினார்கள். ஒரு மாற்றம் புலனுக்குத் தெரிய வேண்டுமானால் அது ஏற்கெனவே உள்ள அளவுக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது புலனுணர்வு ஆய்வில் பெயர் பெற்ற வெபர் விதி. அதன்படி எல்லாம் அடங்குகிறது என்று சொல்லி, படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தினார்கள். தரவை மற்றவர்களும் பார்க்கும்படி வைத்தார்கள்.

மேத்யூ கே, ஜெஃப்ரி ஹீர் இருவரும் அந்தத் தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். புதிதாக ஒருவரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முதல் ஆய்வில் ஒதுக்கிவைத்த அளவீடுகளையெல்லாம் திரும்பச் சேர்த்தார்கள். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மோசமாகப் போனதென்று முழுதாகக் கழித்துவிட்ட படவகைகளும் அதில் அடக்கம். ஆளுக்கு ஆள் வேறுபாடு இருப்பதையும் கணக்கில் கொண்டுவந்தார்கள். வெபர் விதியிலிருந்து விலகிய ஒரு கணித மாதிரி கிடைத்தது. அது தரவோடு இன்னும் நன்றாகப் பொருந்தியது. ஒன்று முதல் கடைசிவரை என்ற வரிசை கலைந்து, ஏறத்தாழ ஒரே தரத்திலிருக்கும் படங்கள் குழுக்களாக நின்றன. சிதறல் வரைபடம் மட்டும் தனித்து நின்றது. நேர் ஒட்டுறவு, எதிர் ஒட்டுறவு இரண்டிலும் துல்லியம், ஆளுக்கு ஆள் வித்தியாசமும் குறைவு.

இதில் யார் தோற்றார்கள் என்று கேட்டால் யாரும் இல்லை. முதல் கட்டுரை மதிப்பிழக்கவில்லை. அது தரவைத் திறந்து வைத்ததால்தான் இரண்டாவது எழுந்தது. ‘தரவைக் கொடுத்தால் குறை கண்டுபிடிப்பார்கள்’ என்று அஞ்சுகிற ஆய்வு மாணவர்களுக்கு இந்த இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துப் படிக்கக் கொடுக்கலாம்.

சரி, இவ்வளவு நன்மை இருந்தும் ஏன் எல்லாரும் செய்வதில்லை? புதுமைக்குத்தான் மதிப்பு என்பது எல்லாத் துறைக்கும் பொதுவான நோய், அதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. உளவியலில் 2015இல் நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்து, மூலத்தில் 97 சதவீத ஆய்வுகளுக்கு இருந்த புள்ளியியல் தெளிவு மறுசோதனையில் 36 சதவீதத்துக்கு மட்டுமே கிடைத்ததைக் கண்டபிறகு அங்கே ஒரு பூகம்பமே நடந்தது. காட்சிப்படுத்தலில் அப்படிப் பூகம்பம் நடக்கவில்லை. கோசாராவும் ஸ்டீவ் ஹாரோசும் 2018இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே அந்த நெருக்கடியை இந்தத் துறை தாண்டிப் போய்விடுவது பற்றித்தான். நெருக்கடி வருமளவுக்கு மறுசோதனைகள் இங்கே நடந்தால்தானே!

இந்தத் துறைக்கே உரிய வேறு சில தடைகள் உண்டு. நிரல் அதேதான், தரவும் அதேதான், படம் மட்டும் வேறு. எப்படி? பைத்தானில் பலரும் வரையப் பயன்படுத்தும் மேட்ப்ளாட்லிப், 2017இல் இரண்டாம் பதிப்பில் தன் இயல்பான நிறத்திட்டத்தை ‘ஜெட்’ என்ற வானவில் வண்ணத்திலிருந்து ‘விரிடிஸ்’ஸுக்கு மாற்றியது. மாற்றம் நல்லதற்குத்தான்; தரவில் இல்லாத விளிம்புகளை வானவில் நிறம் இருப்பதாகக் காட்டும். ஆனால் நிறத்தைக் குறிப்பிடாமல் எழுதிய பழைய நிரலைப் புதிய பதிப்பில் ஓட்டினால் வேறு படம் வரும். நிகழ்வுச் செவ்வகம் வரைந்தால் மேட்ப்ளாட்லிப் கேட்காமலே பத்துப் பட்டைகளாகப் பிரிக்கும், ஆர் மொழியின் ஜிஜிப்ளாட் முப்பதாகப் பிரிக்கும். ஒன்றில் ஒரே மேடாகத் தெரிவது இன்னொன்றில் இரட்டை மேடாகத் தெரியலாம். கட்டுரையிலோ ‘பரவல் படம் 3இல் காண்க’ என்று ஒரு வரி.

பல பரிமாணத் தரவைத் தாளில் பரப்பிக் காட்டும் டி-ஸ்னீ போன்ற முறைகள் இன்னும் வம்பு. அவை ஏதோ ஒரு தற்செயல் தொடக்கத்திலிருந்து கிளம்புகின்றன. ஒவ்வொரு முறையும் கொத்துகள் வேறு இடத்தில் போய் உட்காரும். ‘பெர்ப்ளெக்ஸிட்டி’ என்ற ஒரு திருகைத் திருப்பினால் இரண்டு கொத்து ஐந்தாகும், வெறும் இரைச்சலே கொத்தாகத் தெரியும். மார்ட்டின் வாட்டன்பெர்க், ஃபெர்னாண்டா வியேகாஸ், இயன் ஜான்சன் மூவரும் 2016இல் இதை ஊடாடும் படங்களாகவே செய்து காட்டினார்கள். கொத்தின் அளவுக்கும் கொத்துகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கும் பொருள் கற்பிக்க வேண்டாம் என்று அவர்கள் எச்சரித்தும், இன்றும் உயிரியல் கட்டுரைகளில் அந்தத் தூரத்தை வைத்துக் கதை சொல்கிறவர்களுக்குக் குறைவில்லை.

எனக்கே ஒருமுறை நேர்ந்தது. மாவட்டப் பெயர்களைத் தமிழில் போட்டு ஒரு பட்டை வரைபடம் செய்திருந்தேன். என் கணினியில் முத்து முத்தாக இருந்தது. நிரலையும் தரவையும் நண்பருக்கு அனுப்பினேன். அவர் கணினியில் நாமக்கல் மட்டும் தப்பித்தது. சேலமும் கோயம்புத்தூரும் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகச் சிதறிப் போயிருந்தன. எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் ஒரு துணைநிரல் என் கணினியில் எப்போதோ வந்து உட்கார்ந்திருந்தது, அவரிடம் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது, பிறகு எப்படி அதைக் குறிப்பில் எழுதியிருப்பேன்?

‘எல்லாம் நோட்புக்கில் இருக்கிறது’ என்று சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. எழுத்தும் நிரலும் படமும் ஒரே கோப்பில் வரும் ஜுப்பிட்டர் நோட்புக், மீளாக்கத்துக்கென்றே பிறந்தது போலத் தோன்றும். 2019இல் பிரேசிலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஜூலியானா ஃப்ரெய்ரேயுடன் சேர்ந்து, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கிடந்த பதினான்கு லட்சம் நோட்புக்குகளை அலசினார்கள். இயக்கிப் பார்த்தவற்றில் பிழையில்லாமல் ஓடியவை சுமார் 24 சதவீதம். உள்ளே பதிந்திருந்த அதே விடையைத் தந்தவை சுமார் 4 சதவீதம். கோப்பைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த 4ஐச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்த நிலையை மாற்ற ஊக்கம் கொடுக்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. ஐரோப்பாவின் காட்சிப்படுத்தல் மாநாடான யூரோவிஸோடு இணைந்து 2013இலிருந்து மீளாக்கம், சரிபார்ப்பு, செல்லுபடி ஆகியவற்றுக்கென்றே ஒரு பயிலரங்கு நடந்தது. வரைகலைத் துறையில் ‘மீளாக்க முத்திரை’ ஒன்று வந்திருக்கிறது. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு ஆசிரியர்கள் நிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும். கட்டுரையிலுள்ள முக்கியப் படம் ஒன்றையாவது ஒரே கட்டளையில் உருவாக்கித் தர வேண்டும். வெளியார் ஒருவர் அதை ஓட்டிப் பார்த்து முத்திரை கொடுப்பார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த முத்திரை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதில் தெளிவு வேண்டும். படம் திரும்ப வருகிறது என்றுதான் அது சொல்கிறது. தவறான படமும் ஒவ்வொரு முறையும் அதேபோலத் தவறாமல் வரும். எட்டியெனே குழு பிடித்த பிழையுள்ள நிரல்களும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைப்பதும் சரியில்லை. ஒரு மருத்துவமனையிலோ வானிலை மையத்திலோ மாதக்கணக்கில் உட்கார்ந்து, அங்குள்ளவர்களோடு பேசிப் பேசி ஒரு காட்சிக் கருவியை உருவாக்கும் ஆய்வை யார் எப்படித் திரும்பச் செய்வது? அதே மனிதர்கள், அதே தேவை மறுபடி அமையாது. மிரியா மேயரும் ஜேசன் டைக்ஸும் 2019இல் இத்தகைய ஆய்வுகளுக்கு மீளாக்கம் பொருந்தாது என்று வாதிட்டு, வேறு அளவுகோல்களை முன்வைத்தார்கள். எடுத்த முடிவுகளையும் கைவிட்ட வழிகளையும் பதிந்து வைத்து, பிறர் பார்க்கும்படி வெளிப்படையாக இருப்பது அவற்றில் ஒன்று. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. இதைச் சாக்காக வைத்துக்கொண்டு, பத்துப் பேரை வைத்துச் செய்த ஒரு துல்லியச் சோதனையின் தரவைக்கூட மூடி வைப்பவர்கள்தான் பிரச்சினை.

இதற்கெல்லாம் முன்னோடி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் காட்சிப்படுத்தல்காரரே அல்லர். ஸ்டான்ஃபோர்டில் நிலநடுக்க அலைகளைக் கொண்டு பூமிக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்த ஜான் க்ளேர்பவுட். மாணவர் பட்டம் வாங்கிப் போன பிறகு அவர் வரைந்த படத்தை இன்னொருவரால் திரும்ப வரைய முடியவில்லை என்ற எரிச்சல், 1990களின் தொடக்கத்தில் அவரை ஓர் ஏற்பாட்டுக்குத் தள்ளியது. அவருடைய குழுவின் அறிக்கைகளில் ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு குறி இருக்கும். எளிதில் மீளும், நிபந்தனையோடு மீளும், மீளாது என்று மூன்று தரம். கையால் வரைந்த படமானால் ‘மீளாது’ என்று போட்டுவிட வேண்டியதுதான், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஓட நெடுநேரம் பிடித்தாலோ, தரவு ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானதாக இருந்தாலோ நடுவிலுள்ள குறி. ‘எளிதில் மீளும்’ என்று போடத்தான் துணிச்சல் வேண்டும். ஏனென்றால் அறிக்கை அச்சுக்குப் போகும் முன் ஆசிரியர் அல்லாத இன்னொருவர் வந்து உட்கார்ந்து, அந்தக் குறி போட்ட படங்களை எல்லாம் கணினியிலிருந்து அழித்துவிடுவார். பிறகு ஒவ்வொன்றாக மறுபடி உருவாக்கிப் பார்ப்பார். உருவாக்கும் கட்டளைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பில்ட்’. அதற்கு முன்னால் அடிக்க வேண்டிய, படங்களை அழிக்கும் கட்டளைக்கு வைத்த பெயர் ‘பர்ன்’.